தூக்கு கேஸ்ல மனநல டாக்டர் சாட்சிய எவ்வளவு நம்பலாமுங்?

பவானிக்காரன்: ஏனுங், சட்டம் ரெண்டாவது வருசம் படிக்கறேன். அமெரிக்காவுல டெக்சாஸ்காரன் பேர்ஃபுட்ங்கறவனோட மரண தண்டனை கேஸ் படிச்சதுல இருந்து தூக்கமே இல்லீங். கிரிக்சன்னு ஒரு டாக்டர், ஆளை ஒருக்கா கூட பரிசோதிக்கல, அரசு வக்கீல் 'இப்படி ஒருத்தன்னு வெச்சுக்கோங்க'ன்னு கதையாச் சொல்லச் சொல்ல, இவரு கூண்டுல நின்னு மறுபடியும் வன்முறை பண்ணுவான், நூத்துக்கு நூறுன்னுட்டாரு. மனநல டாக்டருங்க சங்கமே இந்த மாதிரி கணிப்பு மூணுல ரெண்டு தப்புன்னு எழுதிக் குடுத்தும் 1983ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு கேக்கல, அடுத்த வருசமே ஆளை முடிச்சுட்டாங்க. நம்மூர்லயும் இப்படி நடக்குமுங்களா?

கோபி வக்கீல்: தம்பி, இங்க கணக்கு வேறீங். திருந்த மாட்டான்னு அரசுதான் நிரூபிக்கோணும்னு 1980லயே நம்ம சுப்ரீம் கோர்ட்டு பச்சன் சிங் கேஸ் தீர்ப்புல சொல்லிப்போட்டாங்க, பெருசா யாரும் கண்டுக்கல. 2022ல அதே கோர்ட்டோட மனோஜ் கேஸ் தீர்ப்பு வந்துதான் மனநல ரிப்போர்ட்டு, ஜெயில் நடத்தை ரிப்போர்ட்டு எல்லாம் முதல்ல விசாரிக்கற செசன்ஸ் கோர்ட்டுலயே அரசு வைக்கோணும்னு ஆச்சு. நான் பார்த்த ஒரு ஜெயில் ரிப்போர்ட்டு ரெண்டே வரி, 'நடத்தை திருப்தி. புகார் இல்லை.' எழுத்த விட சீல் பெருசா இருந்துது.

சென்னிமலை செல்வி: நான் மனநல வார்டுல சோசியல் ஒர்க்கர். இன்னைக்கு என்ன சீக்கு, சின்னதுல என்ன நடந்துச்சு, இதுவரைக்கும் சொல்லலாமுங். அதுக்கே நெம்ப அலையோணும். ஒரு பையனோட அம்மா ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லீங்னே சொன்னாங்க, மூணாவது தடவை போனப்ப டீ போட அடுப்படிக்குப் போனவிய அங்கயே நின்னுட்டு, 'அஞ்சு வயசுல கெணத்துல விழுந்தானுங், ரெண்டு நாள் நெனப்பே இல்ல'ன்னாங்க. வார்டன் பக்கத்துல நிக்க அரைமணி நேரம் பேசி எழுதற ரிப்போர்ட்டுல இது எப்படி வரும்? பத்து வருசம் கழிச்சு என்ன பண்ணுவான்னு கேட்டா அது கிளி ஜோசியமுங்.

மஞ்சமண்டி: அதெல்லாம் செரி. 2010ல கோயமுத்தூர்ல அக்கா தம்பி ரெண்டு பிஞ்சையும் வாய்க்கால்ல தள்ளுனானே, அவனுக்கும் ரிப்போர்ட்டா? லீவுக்கு காசு குடுத்து டாக்டர் சர்டிபிகேட் வாங்கற ஊருதானுங்க இது.

கோபி வக்கீல்: உங்க கோவம் நாயமுங், எங்கூட்லயும் புள்ளைங்க இருக்குது. அந்தக் கேஸ்லயே 2019ல சுப்ரீம் கோர்ட்டு மூணு ஜட்ஜுல ஒருத்தரு சாகற வரைக்கும் ஜெயில் போதும்னாரு, மத்த ரெண்டு பேரும் தூக்குதான்னாங்க. ஆனா காசுக்கு எழுதற டாக்டர்னு நீங்களே சொல்றீங்களே, அவரு பேச்சுல ஆளைத் தூக்குல மட்டும் போடலாமாக்கும்? அந்த கிரிக்சனை அவிய சங்கம் 1995லதான் வெளிய அனுப்புச்சு. பேர்ஃபுட் செத்து பதினோரு வருசம் ஆயிருந்துது.

பவானிக்காரன்: நன்றிங்ணா. செல்வியக்கா, அந்தப் பையன் கேஸ் என்னாச்சுங்?

சென்னிமலை செல்வி: இன்னும் வாய்தா தானுங்.