ஃபர்னஸ் கதவின் கால்சுற்றுத் திருகாணி

சித்தி: அண்ணா, ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்ட்டில் உள்ள, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் கீழ்க்கதவு நேற்றிரவு கழன்று விழுந்ததும் சூடு நின்றுவிட்டது. கதவை முழங்காலால் அழுத்திப் பிடித்தால் மீண்டும் ஓடுகிறது. இரண்டு திருகாணிகளில் இடப்பக்கத்தது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைக்கலாமா?

மாமா: வேண்டாம் தங்கச்சி, அது பாதுகாப்புச் சுவிட்ச். கதவில்லாமல் விசிறி ஓடினால் ஃபர்னஸைச் சுற்றியுள்ள காற்றை உறிஞ்சும். அதனோடு எரிபுகையும் இழுபட்டு, கார்பன் மோனாக்சைடு வீடெங்கும் பரவக்கூடும். பிரேக்கரை அணைத்துவிட்டு, திருகாணியின் தலையையும் முனையையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.

சித்தி: அனுப்பியிருக்கிறேன். மரையே இல்லை, முனையில் சுருளாக ஒரு வெட்டு இருக்கிறது. தலையில் 5-35 என்று பொறித்திருக்கிறார்கள்.

மாமா: அப்படியானால் அது கால்சுற்றுத் திருகாணி, அதாவது கால்பங்கு சுற்றிலேயே பூட்டிக்கொள்வது. 1930களில் அமெரிக்காவில் வில்லியம் ஸூஸ் உருவாக்கிய வகை என்பதால் கடையில் ஸூஸ் என்றே கேட்கலாம். 5 என்பது 5/16 அங்குல விட்டம், 35 என்பது 0.35 அங்குல நீளம். சட்டத்தின் பின்னால் குறுக்கே ஓடும் கம்பி ஸ்பிரிங்கை அந்த வெட்டு கவ்வ வேண்டும். எது தேய்ந்தது என்று அறிய, இரண்டு திருகாணிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

நான்: மாமா, எங்கள் வடிகட்டிக் கதவில் மரையுள்ள திருகாணிதான். அதற்கு எம்4, அதாவது 4 மில்லிமீட்டர் அளவு, நட் வாங்கினேன். இரண்டு சுற்றில் இறுகிவிட்டது.

மாமா: அதற்குமேல் முறுக்காதே, மரை அழிந்துவிடும். உன்னுடையது 8-32 என்ற அங்குல அளவுத் திருகாணியாக இருக்கலாம். விட்டம் 4.17 மில்லிமீட்டர் என்பதால் கண்ணுக்கு எம்4 போலவே தெரியும். ஆனால் அதன் மரை இடைவெளி 0.79 மில்லிமீட்டர், எம்4-இல் 0.7. ஓர் அங்குலத்தில் 32 மரை இருக்கிறதா என்று எண்ணிப் பார், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போ.

சித்தி: மாற்றிப் பார்த்தேன் அண்ணா. நல்ல திருகாணியும் இடப்பக்கத் துளையில் நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஸ்பிரிங் ஒரு ரிவெட்டின் ஓரத்தில் முறிந்து தொங்கியது.

மாமா: அப்படியென்றால் திருகாணி வாங்க வேண்டியதில்லை. இரு ரிவெட்டுகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அதே அளவு ஸ்பிரிங் வாங்குங்கள். ரிவெட்டைத் துளைக்கும்போது இரும்புத்தூள் விசிறியிலும் சர்க்யூட் போர்டிலும் விழாதபடி ஈரத்துணி விரிப்பது முக்கியம்.

சித்தி: இன்று மாலை பொருத்தினோம். கால்சுற்றுத் திருப்பியதும் ‘டக்’ என்று பிடித்தது. கதவு அசையவில்லை, சூடும் வருகிறது.