அரபி கமெண்ட்களில் பாராட்டையும் புகாரையும் பிரிக்க, முதலில் வட்டார வழக்கைக் கண்டுபிடிக்க வேண்டுமா?

மணல்வீடு:

வணக்கம். ஷார்ஜாவில் முதுகலை படிக்கிறேன், மொழியியலும் கணினியும் கலந்த படிப்பு. இங்குள்ள உணவகங்களைப் பற்றி அரபியில் வரும் கமெண்ட்களைப் பாராட்டு, புகார், இரண்டும் இல்லாதது என்று கணினியை வைத்துப் பிரிப்பதுதான் ஆய்வேடு. எழுத்து அரபியில், அதாவது ஃபுஸ்ஹாவில், எழுதியிருந்தால் மாடல் நன்றாகவே பிரிக்கிறது. பேச்சு வழக்கு வந்துவிட்டால் தடுமாறுகிறது. ஊரில் மதரஸாவில் நான் படித்ததும் ஃபுஸ்ஹாதான், அதனால் எந்த இடத்தில் தவறுகிறது என்று பார்த்துச் சொல்லவும் முடியவில்லை. முதலில் எந்த நாட்டு வழக்கு என்று கண்டுபிடிக்க ஒரு மாடல், அப்புறம் ஒவ்வொரு வழக்குக்கும் தனி மாடல் போடு என்கிறார் வழிகாட்டி. அது தேவையா, இல்லை எல்லாவற்றையும் கலந்து ஒன்றுக்கே கொடுத்தால் போதுமா? இதில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கயலன்:

வழிகாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1959ல் மொழியியலாளர் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிச் சூழல்களில் அரபியும் ஒன்று. எழுதுவது ஒன்று, பேசுவது இன்னொன்று என்பது தமிழருக்குப் புதிதில்லை. ஆனால் அரபியில் பேச்சு வழக்குகளுக்குள்ளேயே தூரம் அதிகம். 'இப்போது' என்பதற்கு டமாஸ்கஸில் ஹல்லஃ, வளைகுடாவில் அல்ஹீன், பாக்தாதில் ஹஸ்ஸா, மொராக்கோவில் தாபா, துனிசில் தவ்வா. சொல் மாறினாலாவது மாடல் தெரியாத சொல் என்று விட்டுவிடும். எழுத்து மாறாமல் பொருள் மட்டும் மாறும்போதுதான் ஆபத்து. ஜோர்டானிலும் வளைகுடாவிலும் வேலை செய்கிறவரைப் பார்த்து 'யஅதீக் அல்ஆஃபியா' என்றால், இறைவன் உனக்கு நலம் தரட்டும் என்ற அன்பான வார்த்தை. மொராக்கோவில் ஆஃபியா என்றால் நெருப்பு, அங்கே அதே வாழ்த்து சாபம் போலக் கேட்கும்.

எதிர்மறையையும் பாருங்கள். எகிப்தியர் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதை 'மாஅகப்னீஷ்' என்று எழுதுவார், சேர்த்தே எழுதுகிறவர்கள் நிறைய. முன்னால் இருக்கும் 'மா'வும் கடைசியில் இருக்கும் 'ஷ்'ஷும்தான் 'இல்லை'. நடுவில் இருப்பது 'எனக்குப் பிடித்தது'. ஃபுஸ்ஹாவுக்காகச் செய்த கருவி எதிர்மறைச் சொல்லைத் தனியாகத் தேடும், அது கிடைக்காமல் வேர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பாராட்டுப் பட்டியலில் சேர்த்துவிடும். ஒரு கமெண்ட் தப்பினால் பரவாயில்லை, எகிப்தியர் எழுதும் புகாரெல்லாம் பாராட்டாகப் போனால் ஆய்வின் முடிவே தலைகீழாகிவிடும்.

பொறிவலை:

கயலன் சொன்ன உதாரணங்கள் சரி, ஆனால் அதற்குத் தீர்வு ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் இது இந்த நாட்டு வழக்கு என்று லேபிள் ஒட்டுவது இல்லை என்பது என் கருத்து. அரபி எழுத்தில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. கெய்ரோவில் 'ஜீம்' எழுத்தை ஆங்கில g போல 'க' என்று உச்சரிக்கிறார்கள், வளைகுடாவில் 'காஃப்' (ق) எழுத்தும் அதே g ஒலி 'க' ஆகிறது, எழுதும்போது இரண்டும் பழையபடியே நிற்கின்றன. காதில் விழுந்த உடனே ஊரைச் சொல்லிவிடக்கூடிய வாக்கியம், திரையில் ஐந்தாறு நாடுகளுக்குப் பொதுவாகிவிடும். மதார் என்ற அரபி வழக்குத் தொகுப்பில் பயண வாக்கியங்களை 25 நகரங்களின் வழக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அருகருகே உள்ள இரண்டு நகரங்களைத் திறந்து பாருங்கள், சின்ன வாக்கியங்களில் எழுத்துக்கூட மாறாது. அதில் ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்று மாடலுக்கு மதிப்பெண் போடுவது எப்படி நியாயம்?

அரபி வழக்கைக் கண்டுபிடிக்கும் மாடல்களுக்காக 2020ல் தொடங்கிய நாடி போட்டிகளில், ட்வீட் போட்டவர் இருக்கும் இடத்தை வைத்துத்தான் நாட்டு லேபிள் கொடுத்தார்கள். 2024ல் ஒரே வாக்கியம் பல நாடுகளுக்குப் பொருந்தலாம் என்று போட்டியின் அமைப்பையே மாற்றினார்கள். உங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஷார்ஜா உணவகத்தைப் பற்றி எழுதுகிறவர் எகிப்தியராக, சிரியராக, ஈராக்கியராக இருக்கலாம். இடத்தை வைத்து எமிராத்தி என்று லேபிள் போட்டால் முதல் படியிலேயே பிழை புகுந்துவிடும், அடுத்து வரும் தனி மாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பிழையை நீக்க முடியாது. என்னைக் கேட்டால் பிரிக்க வேண்டாம், அடிப்படை மாடலை மாற்றுங்கள். அராபெர்ட், மார்பெர்ட், கேமல்பெர்ட் எல்லாம் அரபிக்காக முன்பே பயிற்றி வைத்த மொழி மாடல்கள். அராபெர்ட்டின் முதல் பதிப்பு பெரும்பாலும் செய்திகள் படித்தது, பேச்சு வழக்கு அதற்கு எப்படிப் பழகும்? மார்பெர்ட் 100 கோடி ட்வீட்களில் பயிற்சி பெற்றது. கேமல்பெர்ட்டில் ஃபுஸ்ஹாவுக்குத் தனி, பேச்சு வழக்குக்குத் தனி, கலவைக்குத் தனி என்று பதிப்புகள் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

ஃபர்வானியா அக்கா:

மாடல் பேச்செல்லாம் சரி தம்பி, உங்கள் டேட்டாவில் இது பாராட்டு, இது புகார் என்று குறித்தது யார்? குவைத்தில் நெடுநாளாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், கமெண்ட் குறிக்கும் வேலையும் செய்திருக்கிறேன். 'ஹஸ்பியல்லாஹு வ நிஃமல் வகீல்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அல்லாஹ் எனக்குப் போதுமானவன், பொறுப்பேற்பவர்களில் அவனே சிறந்தவன் என்று பொருள். சொல்லுக்குச் சொல் எடை போட்டால் நல்ல வார்த்தைதான். ஆனால் உணவகத்தின் பக்கத்தில் அது வந்தால், அநியாயமாகப் பணம் பிடுங்கிவிட்டார்கள், கணக்கை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று வயிறெரிந்து எழுதியது. இதற்கு மேல் கடுமையான புகார் கிடையாது.

இந்த மாதிரி இடங்களில் அந்தந்த வழக்கைப் பேசி வளர்ந்தவர்தான் குறிக்க வேண்டும். எகிப்தியர் எழுதியதை வளைகுடாக்காரரிடம் கொடுத்தால், புரிந்தாலும் அதிலுள்ள நக்கலைத் தவறவிடுவார். இரண்டு பேர் வேறு வேறாகக் குறித்தால் அதை அழித்துவிடாமல் அப்படியே வையுங்கள். அந்தக் கருத்து வேறுபாடும் ஒரு தகவல். அப்புறம், ஆங்கில எழுத்தில் அரபி எழுதுகிறார்களே, 'ஐன்' எழுத்துக்கு 3, 'ஹா'வுக்கு 7 என்று போட்டு, அவற்றைக் குப்பை என்று கழித்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். இளைஞர்களின் புகார் நிறைய அதில்தான் இருக்கும்.

மணல்வீடு:

நன்றி அக்கா. எண் கலந்த கமெண்ட்களைச் சுத்தம் செய்யும்போது நீக்கும்படிதான் வழிகாட்டுக் குறிப்பில் இருந்தது, அவற்றைத் திரும்ப எடுக்கிறேன். குறித்தவர்கள் இருவருமே ஜோர்டானியர். பொறிவலை அண்ணா, பிரிக்க வேண்டாம் என்றால் வழிகாட்டியிடம் எதைக் காட்டி ஒப்புக்கொள்ள வைப்பது?

பொறிவலை:

சோதனைக்கு எடுத்துவைத்த கமெண்ட்களை மட்டும் வழக்குவாரியாகக் கையால் பிரியுங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் எல்லாவற்றையும் குறியுங்கள். கலந்து பயிற்றிய மாடலையும் வழிகாட்டி கேட்ட தனி மாடல்களையும் அதே கமெண்ட்களில் ஓட்டி, மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு எகிப்து, ஷாம் (சிரியா, ஜோர்டான் பக்கம்), ஈராக், வளைகுடா, மக்ரிப் (மொராக்கோ, துனிசியா பக்கம்) என்று தனித்தனியாகப் போட்டு அவரிடம் காட்டுங்கள். எகிப்து வரிசையில் புகார் எத்தனை பாராட்டாக மாறியது என்று தனியாக எண்ணுங்கள். கயலன் சொன்ன 'மாஅகப்னீஷ்' சிக்கல் இருந்தால் அங்கேதான் தெரியும்.