டர்பைன் தரும் சக்தியைக் கம்ப்ரசரே எடுத்துக்கொண்டால் மின்சாரத்துக்கு என்ன மிஞ்சும்?

காட்பாடி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் என் மகள் கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. எரிவாயு டர்பைனில் கம்ப்ரசரும் டர்பைனும் ஒரே தண்டில் பூட்டப்பட்டுள்ளன. கம்ப்ரசர் காற்றை எந்த அழுத்தத்துக்கு ஏற்றுகிறதோ, ஏறத்தாழ அதே அழுத்தத்திலிருந்துதான் டர்பைனில் வாயு விரிகிறது. எரியறையில் அழுத்தம் கூடுவதில்லை என்று பாடநூல் சொல்கிறது. அப்படியானால் அழுத்தத்தை ஏற்றச் செலவானதும் இறங்கும்போது கிடைப்பதும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? ஜெனரேட்டரைச் சுழற்றும் மிச்சம் எங்கிருந்து வருகிறது?

பாலாற்றங்கரை:
ஐயா, மகள் சரியான இடத்தில் கேள்வியை வைத்திருக்கிறார். வேலையின் அளவை அழுத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த அழுத்தத்தில் எவ்வளவு கன அளவுள்ள வாயு விரிகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கம்ப்ரசரை விட்டு வெளியேறும் காற்று 400 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதாகவும், எரிபொருள் எரிந்தபின் வாயு 1400 டிகிரியை எட்டுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கெல்வின் அளவில் இவை 673, 1673. அழுத்தம் மாறாததால் கன அளவு சுமார் இரண்டரை மடங்காகிறது. அதே அழுத்த இறக்கத்தை இரண்டரை மடங்கு பெருத்த வாயு கடப்பதால்தான், அழுத்தச் செலவானதைவிட விரிவில் கிடைப்பது அதிகமாகிறது. தீயை அணைத்துவிட்டால் நீங்கள் சொன்ன சமநிலைகூட நிற்காது. உராய்வும் கசிவும் இருப்பதால் தண்டு சுழற்சியை இழந்து நின்றுவிடும்.

இந்த மிச்சம் எவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதற்கு 1939-இல் ஸ்விட்சர்லாந்தின் நொய்ஷாதெல் நகரில் பிரவுன் பொவேரி நிறுவனம் அமைத்த டர்பைன் நல்ல சான்று. மின்சாரம் வழங்குவதற்காக அமைந்த முதல் எரிவாயு டர்பைனாகப் போற்றப்படும் அது 15,400 கிலோவாட் சக்தி தந்தது. அதில் 11,400 கிலோவாட்டைக் கம்ப்ரசரே எடுத்துக்கொள்ள, 4,000 கிலோவாட் மட்டுமே மின்சாரமாயிற்று. டர்பைனுக்குள் நுழைந்த வாயுவின் வெப்பம் அப்போது 550 டிகிரிதான். இன்றைய பெரிய இயந்திரங்களில் அது 1400 டிகிரியையும் தாண்டுவதால், கம்ப்ரசருக்குப் போகும் பங்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. பிளேடுகளின் நிக்கல் உலோகக் கலவை உருகும் வெப்பத்தையே வாயு மிஞ்சுகிறது என்பதால், கம்ப்ரசரிலிருந்து சிறிது காற்றைப் பிரித்துப் பிளேடுகளின் உள்துளைகள் வழியே ஓடவிட்டு அவற்றைக் காக்கிறார்கள். இத்துறையின் உண்மையான சாதனை இந்தப் பிளேடுகள்தான் என்பது என் உறுதியான கருத்து.

ராணிப்பேட்டை ஓய்வாளர்:
மேலே சொன்னதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த இயந்திரங்களின் திறன் 15 டிகிரி காற்றை அடிப்படையாகக் கொண்டு குறிக்கப்படுகிறது. கம்ப்ரசர் உறிஞ்சும் கன அளவு ஏறத்தாழ மாறாதது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் உள்ளே போகும் காற்றின் நிறை குறைகிறது, அதை அழுத்துவதற்கும் கூடுதல் சக்தி வேண்டியிருக்கிறது. எனவே வேலூரின் கத்திரி வெயிலில், 40 டிகிரியைத் தாண்டும் பகலில் ஓர் இயந்திரம் ஓடுமானால், பெயர்ப்பலகையில் உள்ள மெகாவாட்டை அது தராது. நுழைவாயிலில் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் முறை நம்முடையது போன்ற வறண்ட வெப்பத்தில் நன்றாகப் பலன் தரும். சென்னை பேசின் பிரிட்ஜ் போன்ற ஈரக்காற்றுள்ள கடலோரத்தில் அந்த அளவுக்குத் தராது.

காட்பாடி வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று: டர்பைன் சுழன்றால்தான் கம்ப்ரசர் சுழலும், கம்ப்ரசர் சுழன்றால்தான் டர்பைனுக்கு வாயு கிடைக்கும் என்றால், முதல் சுழற்சியைத் தருவது யார்?

ராணிப்பேட்டை ஓய்வாளர்:
வெளியிலிருந்துதான் தர வேண்டும். சிறிய இயந்திரங்களில் மின்மோட்டாரோ டீசல் எஞ்சினோ அந்த வேலையைச் செய்யும். பெரியவற்றில் ஜெனரேட்டருக்கே மின்சாரம் கொடுத்து, அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தி, அதையே மோட்டாராக ஓட்டுகிறார்கள். போதிய காற்றோட்டம் வந்தபின் தீ மூட்டப்படும். ஆனாலும் டர்பைன் தன் கம்ப்ரசரைத் தானே தாங்கும் வேகம் வரும்வரை வெளியுதவி நீடிக்க வேண்டும். பிறகு வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளை எட்டியதும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்கட்டமைப்போடு ஜெனரேட்டரை இணைப்பார்கள்.