வேட்புமனுவில் முன்மொழிய ஆட்கள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யம் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலுக்குச் சுயேச்சையாக நிற்கப்போகிறேன். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் உழைத்தவர்கள். ஐப்பசி மழை பிடித்தால் பாத்தியில் வேலை நின்றுவிடும், வீட்டில் அடுப்பெரியக் கடன் வாங்க வேண்டும். அதைச் சட்டமன்றத்தில் பேச உப்பளத்துப் பிள்ளை ஒருத்தி போகட்டும் என்றுதான் துணிந்தேன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அத்தனை பேரும் இதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் உள்ளபடி அவர்களின் பாகம் எண், வரிசை எண் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மனு தள்ளுபடிதான். அந்தப் பயத்தில் இரண்டு மனுவாகப் போட நினைக்கிறேன். ஆறு பேர் சம்மதித்துவிட்டார்கள், இன்னும் பதினான்கு பேர் தேவை. கைநாட்டு வைப்பவர்கள் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்பாகவே வைக்க வேண்டும் என்பதால், அன்று வேன் தருபவர் இருந்தால் பெரிய உதவி.

டெபாசிட் 10,000 ரூபாய் தயார். சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை ஒரு வக்கீல் சரிபார்த்துத் தந்தால் நிம்மதி. ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக்கூடாதாம்.

கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும். செலவு வரம்பு 40 லட்சம். என் கையில் இருப்பது அதில் ஒரு துளி. ஆனாலும் அன்றாடக் கணக்கு எழுதி, முடிவு வந்த 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம்.

முன்வருபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்.