புதுப்பிப்பு: தானக் கருமுட்டை பற்றிக் கேட்டிருந்தேனே

எனக்கு ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்த அளவு) 0.3தான், ரொம்பக் குறைவு; வேறொரு பெண் தரும் தானக் கருமுட்டைக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தங்கை தானே தருகிறேன் என்றாள், ஆனால் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலமாகத்தான் வாங்க வேண்டுமாம். தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது.

அத்தையிடம் சொல்லத்தான் பயந்துகொண்டே இருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "பத்து மாசம் உன் வயித்துல இருக்கப்போறது உன் பிள்ளைதானேடி" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை, அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டேன்.

சரி, முடிவெடுத்துவிட்டோம். பிள்ளை வளரும்போது உண்மையை மறைக்கப் போவதில்லை, அதில் நாங்கள் இருவரும் உறுதி. அடுத்த மாதம் கர்ப்பப்பைக்கான மாத்திரைகள் ஆரம்பம்.