ரெண்டு பேரும் மலை ஏறிப் பழகணும், எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

தாம்பரம்வாசி:
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ஐடி, நாள் முழுக்க சேர்ல தான். வீடியோ பாத்துட்டு போன மாசம் நேரா பர்வதமலைக்குப் போயிட்டோம், அதுவும் காலைல ஒன்பது மணிக்கு மேல ஏற ஆரம்பிச்சு. ரெண்டு பேருக்கும் சேத்தே ரெண்டு லிட்டர் தண்ணி தான், பாதி தூரம் போறதுக்குள்ள காலி. அவர் வேகமா முன்னாடி போய் ஒரு பாறைல உக்காந்திருப்பார், நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "போலாமா"ன்னு எந்திரிச்சிடுவார். அவருக்கு ரெஸ்ட் ஆச்சு, எனக்கு? பாறைல இரும்புக் கம்பி அடிச்சிருக்கற கடப்பாறை படிய கண்ணால கூட பாக்காம திரும்பிட்டோம், வீடு வர வரைக்கும் கார்ல பேச்சே இல்ல. ஆனாலும் விட மனசு வரல. தாம்பரத்துல இருந்து காலைல கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்புற மாதிரி எங்க போலாம்?

கோட்டைப்பித்தன்:
பர்வதமலை 4,500 அடிக்கு மேலங்க, முதல் மலைக்கு அது வேணாம். செஞ்சிக்குப் போங்க. திண்டிவனத்துல திருவண்ணாமலை ரோடு பிடிச்சா கோட்டை ரோட்டு மேலயே இருக்கு. முதல் தடவ கோட்டைல இருக்கற கிருஷ்ணகிரி மலை மட்டும், ராணிக்கோட்டைன்னு சொல்வாங்களே அது. நல்லா இருந்தா இன்னொரு நாள் ராஜகிரி, சுமார் 800 அடி, கல்லு படி தான். உச்சிக்கு கொஞ்சம் முன்னாடி பாறை ரெண்டா பிளந்து பெரிய பள்ளம், அது மேல ஒரு சின்ன பாலம், அதைத் தாண்டி தான் மேல் கோட்டைக்குள்ள போக முடியும், அந்த இடத்துல நின்னா இந்தக் கோட்டைய பிடிக்கறது ஏன் அவ்ளோ கஷ்டம்னு புரியும். 2025 ஜூலைல யுனெஸ்கோ மராட்டிய கோட்டைகளை உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தப்போ செஞ்சியும் அதுல ஒண்ணு. மதியத்துக்கு மேல ராஜகிரி ஏற விட மாட்டாங்க, கேட் திறக்கும்போதே போயிடுங்க. கைல கவர் வெச்சிருக்காதீங்க, குரங்கு விடாது.

மலைக்காத்து:
சிஸ்டர், உங்க கதைய படிச்சதும் எங்க முதல் வருஷம் ஞாபகம் வந்துடுச்சு. நாங்க ஒரே ஒரு விஷயம் மாத்தினோம், மெதுவா நடக்குறவங்க முன்னாடி, வேகமானவங்க பின்னாடி. நான் நிக்கும்போது தான் எங்க வீட்டுக்காரர் நிப்பார், நான் கிளம்பினா தான் கிளம்புவார். தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், அவங்கவங்க பையில. எத்தன மணிக்குத் திரும்பணும்னு கீழயே பேசிடுங்க, அந்த நேரம் வந்துட்டா உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் இறங்கிடணும்.

ஷூ சாயங்காலம் போய் வாங்குங்க, அப்ப தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், முன்னாடி ஒரு விரல் இடம் வேணும். நான் டைட்டா போட்டுட்டு இறங்கினதுல ரெண்டு கட்டைவிரல் நகமும் கருத்துப்போய் மூணு மாசம் கழிச்சு விழுந்துச்சு. ஏறும்போது ஒண்ணும் தெரியாது, இறங்கும்போது தான் ஒவ்வொரு படிக்கும் விரல் போய் முட்டும், அதனால இறங்கறதுக்கு முன்னாடி லேஸ அவுத்து கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டுங்க.

பழகறதுக்கு உங்க பக்கத்துலயே திருக்கழுக்குன்றம் இருக்கே, ஐநூத்தி சொச்சம் படி. செருப்பில்லாம ஏறணும், கல்லு சுடறதுக்குள்ள இறங்கிடுங்க.

காட்டுப்பாதை:
ஒண்ணே ஒண்ணு, காட்டுக்குள்ள மட்டும் யாரோ கூப்பிட்டாங்கன்னு பர்மிஷன் இல்லாம போயிடாதீங்க. 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணி காட்டுத்தீயில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல இறந்துட்டாங்க, அதுக்கப்புறம் தான் ட்ரெக்கிங்குக்குன்னு அரசு தனி விதியே போட்டாங்க. இப்ப 2024ல இருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு அரசே ஆன்லைன்ல புக்கிங் குடுக்குது, ஆரம்பிச்சப்ப 40 பாதை, ஈஸி, மாடரேட், டஃப்னு பிரிச்சிருக்காங்க, கூட கைடு வருவாங்க. பூண்டி பக்கம் குடியம் குகை அதுல இருக்கு, ஆதி மனுசன் கல்லாயுதம் கிடைச்ச இடம், சென்னைல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வரலாம். காடு காயற மாசங்கள்ல பாதைய மூடிடுவாங்க, பாத்துட்டு புக் பண்ணுங்க.

தாம்பரம்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மலைக்காத்து எழுதினத அவர்கிட்ட காமிச்சேன், ரெண்டு தடவ படிச்சிட்டு "நீ ரெஸ்டே எடுக்கலங்கறது எனக்கு தோணவே இல்லம்மா"ன்னார். ஞாயித்துக்கிழமை விடிய கிளம்பி திருக்கழுக்குன்றம் போறோம், நான் தான் முன்னாடி.