ஒப்பந்த வேலையும் சொந்த மென்பொருளும்: அனுபவங்களைப் பகிருங்கள்

திருப்பூர் உறுப்பினர்:

நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். கூடவே, பின்னலாடை நிறுவனங்களின் ஜாப் ஒர்க் (வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் வேலை) கணக்குக்காக ஒரு மென்பொருளைச் சொந்தமாக எழுதிச் சந்தாவுக்கு விற்கிறேன். இரண்டுக்கும் நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். நேரத்தைப் பிரிப்பது பிறகு வருகிற சங்கதி. எந்த ஒப்பந்த வேலையை ஏற்றுக்கொள்கிறோம் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது என்பேன்.

ஆரம்பத்தில் பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவமனை இணையதளம், மனை விற்பனைச் செயலி என்று வந்ததையெல்லாம் எடுத்தேன். வீட்டுச் செலவு ஓட வேண்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அந்த வேலைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பள்ளியில் கற்றுக்கொண்டது மருத்துவமனையில் உதவாது. பில் வந்ததும் அந்த அறிவும் அதோடு முடிந்துவிடும்.

பிறகு ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பின்னலாடைத் தொழிலில் ஒரு துணி எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நூல் மூட்டை நிட்டிங்குக்கு, அதாவது துணியாகப் பின்னப் போகும். அங்கிருந்து துணி ரோலாகச் சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்துவது), பிரிண்டிங், கட்டிங். ஒவ்வொரு இடத்துக்கும் சரக்கோடு போகும் சீட்டாக ஒரு டெலிவரி செலான். போன எடையும் திரும்பிய எடையும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. சாயத்தில் குறைவது இயல்புதான். அது இயல்பான குறைவா, ஒரு ரோலே பட்டறையில் தங்கிவிட்டதா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஸ்டோர் மேனேஜரின் அன்றாடத் தலைவலி.

அங்கிருந்த மேனேஜர் அறுபதை நெருங்கியவர். நீண்ட பதிவேடு ஒன்றில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று மையில் எழுதுவார். நீலம் போனது, சிவப்பு வந்தது, பச்சை வர வேண்டியது. பட்டறை வாரியாகத் தனிப்பக்கம் போடும் வழக்கம் எப்போது வந்தது என்று கேட்டேன். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன அல்லவா, அப்போது துணியை வெளியூருக்கு அனுப்ப வேண்டி வந்ததிலிருந்து என்றார். நான் கொண்டுபோன திரையில் வரைபடங்களும் வண்ண வட்டங்களும் இருந்தன. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வாருங்க. எந்தப் பட்டறையில் என் துணி எத்தனை கிலோ நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது, அதை மட்டும் எனக்குக் காட்டுங்க" என்றார்.

இன்று என் சொந்த மென்பொருளைத் திறந்தால் முதலில் வருவது அந்தக் கேள்விக்கான பதில்தான். அதற்குப் பிறகு நான் வேலை செய்த நிறுவனங்களிலும் வார்த்தை மாறியதே தவிர கேள்வி மாறவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். ஜாப் ஒர்க்குக்குப் போனதையும் வந்ததையும் தெரிவிக்கும் ஐடிசி-04 படிவத்தில் கணக்கும் காட்ட வேண்டும். ஆகவே "எத்தனை நாளாக நிற்கிறது" என்ற கேள்வியில் மேனேஜருக்கும் கணக்காளருக்கும் சம அக்கறை உண்டு. இதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது. ஒப்பந்த வேலைதான் சொல்லித் தந்தது, அதுவும் எனக்குச் சம்பளம் கொடுத்து.

ஆகவே இப்போது பின்னலாடை சார்ந்த வேலையாக இருந்தால் கூலி சற்றுக் குறைந்தாலும் எடுக்கிறேன். சம்பந்தமில்லாத வேலை இரட்டிப்புக் கூலிக்கு வந்தாலும், கையில் காசு இருக்கும்வரை வேண்டாம் என்றுவிடுகிறேன்.

மெயில்சிம்ப் என்ற மின்மடல் மென்பொருளின் கதையைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2021இல் இன்டூயிட் நிறுவனம் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்ததோடு பேச்சு நின்றுவிடும். எனக்குப் பிடித்த பகுதி அதற்கு முந்தையது. அட்லாண்டாவில் இணையதளம் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மின்மடல் அனுப்ப ஒரு வழி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதால் 2001இல் அதை எழுதினார்கள். வடிவமைப்புத் தொழிலை விட்டு முழுமூச்சாக அதில் இறங்கியது 2007இல். நடுவிலிருந்த அந்த ஆண்டுகளில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் நடந்தன. சிகாகோவின் 37சிக்னல்ஸ் நிறுவனமும் 1999இல் இணைய வடிவமைப்புக்காகத் தொடங்கப்பட்டதுதான். வாடிக்கையாளர் வேலைகளைக் கட்டி மேய்க்கத் தங்களுக்காகவே செய்துகொண்ட கருவியை 2004இல் பேஸ்கேம்ப் என்று வெளியிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒப்பந்த வேலையிலிருந்துதான் சொந்த மென்பொருள் முளைத்தது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை பதினொரு மணிவரை என் மென்பொருளுக்கு. அதுவரை கைப்பேசி வேறு அறையில் இருக்கும். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அழைப்பு நேரத்தை எழுதிவிடுகிறேன். முணுமுணுத்தவர்கள் உண்டு, அதற்காக விலகியவர்கள் யாரும் இல்லை.

சென்னை உறுப்பினர்:

நான் பல் மருத்துவர்களுக்கான முன்பதிவு மென்பொருள் ஒன்றை நடத்துகிறேன். ஒப்பந்த வேலையும் உண்டு. ஆனால் திருப்பூர் நண்பரோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். ஒரே துறையில் வேலையும் விற்பனையும் வைத்துக்கொண்டால் சந்தேகம் வரும். மருத்துவமனைக் குழுமம் ஒன்றுக்கு வேலை செய்யப் போனபோது, எங்கள் செயல்முறையைக் கற்றுக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு விற்றுவிடுவீர்களோ என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் தந்த ஒப்பந்தத்திலும், இந்தக் காலத்தில் நீங்கள் எழுதும் நிரல் அனைத்தும் எங்களுடையது என்று ஒரு வரி இருந்தது. அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து என் சொந்த மென்பொருளுக்கு எழுதியதும் அவர்களுடையதாகியிருக்கும்.

தயவுசெய்து எல்லோரும் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17, 19 ஆகிய இரண்டு பிரிவுகளையாவது படியுங்கள். கணினி நிரல் அந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பணியின்போது எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். சுதந்திரமாக ஒப்பந்தத்தில் எழுதுபவரின் நிலை வேறு. எழுதிக் கொடுக்காதவரை முதல் உரிமையாளர் அவர்தான். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது.

இதை வைத்துத்தான் பேசினேன். மருத்துவமனைக்கே உரிய நடைமுறைகளுக்காக எழுதும் நிரல் முழுவதும் அவர்களுடையது. உள்நுழைவு, குறுஞ்செய்தி அனுப்புதல், நாட்காட்டி போன்ற பொதுப் பகுதிகளும் ஏற்கெனவே என்னிடம் இருந்தவையும் என்னுடையவை. அவற்றைப் பயன்படுத்த அவர்களுக்குக் காலவரையற்ற அனுமதி உண்டு. பொதுப் பகுதிகளின் பட்டியலைப் பெயர் பெயராகப் பின்னிணைப்பில் சேர்த்தேன். அவர்களுடைய வழக்கறிஞர் முதலில் மறுத்தார். பட்டியலைப் பார்த்த பிறகு, இவை இல்லாமல் வேலையைத் தொடங்கவே முடியாது என்று அவர்களுடைய தொழில்நுட்பப் பிரிவே எடுத்துச் சொன்னது. ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அன்றிலிருந்து எந்த வேலைக்கும் அந்தப் பின்னிணைப்பு இல்லாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

இன்னொன்று, சந்தா. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு, 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் கூடுதல் உறுதிப்படுத்தல் என்று நிபந்தனைகள் வந்தன. அந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆனது. என் சந்தா அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் வங்கிகள் தயாராகாத அந்தத் தொடக்க மாதங்களில் பல கார்டுகளில் பணம் வரவே இல்லை. ஒப்பந்த வேலை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் சர்வர் கட்டணத்தைக்கூடக் கட்டியிருக்க முடியாது. அதன் பிறகுதான் ஆண்டுச் சந்தாவுக்கு மாறினேன். இரண்டு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தேன், பெரும்பாலோர் ஏப்ரலில் மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பணம் கையில் இருக்கும் கோடை மாதங்களில் புதிய ஒப்பந்தங்களைத் தவிர்த்துவிட்டு, என் மென்பொருளின் பெரிய மாற்றங்களைச் செய்துகொள்கிறேன்.

திருப்பூர் உறுப்பினர்:

சகோதரி சொன்ன சந்தேகம் இங்கேயும் உண்டு. ஒரு பார்ட்டியின் துணி விலையோ பையர் (அவரிடம் வாங்குபவர்) பெயரோ இன்னொரு பார்ட்டிக்குத் தெரிந்துவிட்டால் இந்த ஊரில் அதோடு நம் தொழில் முடிந்தது. அதனால் என் மென்பொருளில் விலை என்ற கட்டத்தையே வைக்கவில்லை, எடையும் நாளும் மட்டும்தான். வேண்டுமென்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். சேர்ப்பதாக இல்லை. பின்னிணைப்பு யோசனை அருமை, அடுத்த ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்போகிறேன்.

பணம் இழுத்தடிக்கும் வாடிக்கையாளர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. சொந்த மென்பொருளுக்கு ஒதுக்கிய நாட்களை உண்மையில் தின்பது வசூல் அலைச்சல்தான். சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை எழுத்தில் உடன்பாடு இருந்தாலும் 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாமல் போகலாம் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. நான் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிடுகிறேன். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே கூப்பிட்டு, உங்கள் பாக்கி எவ்வளவு என்று கேட்கிறார்.